நிற்கத் தெரிந்த வண்டி

அமெரிக்காவில் கொலராடோ மாகாணத்தில் பைக்ஸ் பீக் என்று ஒரு மலை இருக்கிறது. உயரம் 4,302 மீட்டர். அடிவாரத்திலிருந்து உச்சிவரை சுமார் 30 கிலோமீட்டர் மோட்டார்ப் பாதை, வளைந்து வளைந்து ஏறுகிறது. 1916-ஆம் வருஷம் அந்தப் பாதையில் ஆரம்பித்த மோட்டார்ப் பந்தயம் இன்றும் பெயர் பெற்று விளங்குகிறது. பந்தயம் மேலே ஏறுவதற்குத்தான். இறங்குவதற்குப் பந்தயம் கிடையாது. இறங்கி வருகிற சாதாரண யாத்ரீகர்களுக்காக, நடுவழியில் க்ளென் கோவ் என்னும் இடத்தில் ஒரு காவலர் நிற்கிறார். அவர் கையில் உஷ்ணம் அளக்கும் கருவி. வண்டியை நிறுத்தி, சக்கரத்துக்கு நேரே அந்தக் கருவியைக் காட்டிப் பார்ப்பார். பிரேக் அளவுக்கு மீறிச் சுட்டிருந்தால், "ஓரமாகப் போட்டுவிட்டுச் சற்று உட்கார்ந்திருங்கள், ஆறட்டும்" என்று சொல்லிவிடுவார்.

ஏறுகிறவனுக்கு மாலை; இறங்குகிறவனுக்கு வெப்பமானி! மோட்டார் வண்டியின் சரித்திரத்தையே இந்த இரண்டு வார்த்தைகளில் அடக்கிவிடலாம் என்று எனக்குத் தோன்றுகிறது. வண்டியை ஓடச் செய்தவர்களின் பெயர்கள் நமக்குப் பாடமாகத் தெரியும். நிற்கச் செய்தவர்கள் யார் என்று கேட்டால் நம்மில் பலர் விழிப்போம். அதிலும் நான்கு சக்கரங்களும் சேர்ந்து இழுக்கும் கனத்த வண்டி இருக்கிறதே - ஜீப் என்றும் லாண்ட் ரோவர் என்றும் நாம் சொல்கிறோமே - அந்த ஜாதி வண்டிகளின் கதையில் இந்த அநியாயம் இன்னும் கொஞ்சம் அதிகம். அது சேற்றில் இறங்கி ஏறியதைப் பற்றி ஆயிரம் பேர் பேசுவார்கள். மலையிலிருந்து பத்திரமாக இறங்கி வீடு வந்து சேர்ந்ததைப் பற்றி யார் பேசுகிறார்கள்?

கல்லூரியில் நான் படித்தது இரண்டே வருஷம். அதில் மனத்தில் தங்கிய பௌதிக சாஸ்திரம் கொஞ்சம்தான். ஆனால் அந்தக் கொஞ்சமே இந்த விஷயத்துக்குப் போதும். ஓடுகிற பொருளுக்கு ஒரு சக்தி உண்டு. அது எடையைப் பொறுத்து ஏறும். வேகத்தைப் பொறுத்தோ வர்க்கமாக ஏறும். வேகம் இரண்டு மடங்கானால் சக்தி நான்கு மடங்கு. வண்டி நிற்கும்போது இந்தச் சக்தி எங்கே போகிறது? எங்கும் போகாது, உஷ்ணமாக மாறிப் பிரேக்கில் உட்கார்ந்துகொள்ளும். பிரேக் என்பது உண்மையில் ஓர் அடுப்பு. வேகத்தை விறகாகப் போட்டு எரிக்கும் அடுப்பு.

கணக்கைப் பாருங்கள். இரண்டரை டன் எடையுள்ள வண்டி ஒன்று மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் போய்க்கொண்டிருக்கிறது. அதை ஒரு தடவை நிறுத்தினால் உண்டாகும் உஷ்ணம், ஒரு லிட்டருக்குச் சற்று அதிகமான தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவந்துவிடும். அதே வண்டி 120 கிலோமீட்டர் வேகத்தில் போனால் ஏறக்குறைய ஐந்து லிட்டர். இது சமதரையில். அந்த வண்டி பைக்ஸ் பீக் உச்சியிலிருந்து அடிவாரத்துக்கு இறங்குகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். இறக்கம் சுமார் 2,000 மீட்டர். அவ்வளவையும் பிரேக்கே தாங்குவதானால், 60 கிலோமீட்டர் வேகத்திலிருந்து நூற்று நாற்பது தடவை அடுத்தடுத்து நிறுத்துவதற்குச் சமம். தண்ணீர்க் கணக்கில் 160 லிட்டருக்கு மேல். ஒரு கல்யாண வீட்டுக்குக் காப்பி போடலாம்! இத்தனை உஷ்ணமும் சக்கரத்துக்குள் இருக்கும் நான்கு இரும்பு வட்டங்களில் போய்ச் சேர வேண்டும். க்ளென் கோவில் காவலர் ஏன் வெப்பமானியுடன் நிற்கிறார் என்பது இப்போது விளங்குகிறது அல்லவா?

இன்னொரு விஷயமும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். நான்கு சக்கரங்களும் இழுப்பதால் வண்டி கிளம்புவதில் லாபம் உண்டு. ஏறுவதில் லாபம் உண்டு. நிற்பதில் அநேகமாக ஒரு லாபமும் இல்லை. ஏனென்றால், இன்று எல்லா மோட்டார்களுக்குமே நான்கு சக்கரங்களிலும் பிரேக் இருக்கிறது. பனியிலும் சேற்றிலும் மற்ற வண்டிகள் திணறும்போது நம் வண்டி மட்டும் சிரமமில்லாமல் கிளம்புகிறது. உடனே ஓட்டுகிறவர் மனத்தில், "இது எதற்கும் அசையாத வண்டி" என்று ஒரு தைரியம் பிறக்கிறது. அந்தத் தைரியம்தான் ஆபத்து. வழுக்கும் தரையில் கிளம்புவதற்கு உதவிய இயந்திரம், அதே தரையில் நிற்பதற்கு உதவ வராது. மேலும் அந்த இயந்திரத்தின் எடையையும் சேர்த்துத்தான் நிறுத்தியாக வேண்டும்.

ஆரம்பத்தில் பிரேக் என்பது செருப்புத் தைக்கிறவரின் கைவேலையாகத்தான் இருந்தது. 1888-ஆம் வருஷம் ஆகஸ்டு மாதம், ஜெர்மனியில் பெர்த்தா பென்ஸ் என்ற அம்மாள், கணவர் கார்ல் பென்ஸிடம் சொல்லாமல், தம் இரண்டு பையன்களையும் ஏற்றிக்கொண்டு, அவர் செய்த மோட்டார் வண்டியில் மான்ஹைமிலிருந்து ஃபோர்ட்ஸ்ஹைமுக்குப் போனார். நூறு கிலோமீட்டருக்கு மேல். உலகத்தின் முதல் நீண்ட மோட்டார்ப் பிரயாணம் அது. மேட்டில் பையன்கள் தள்ளினார்கள். பள்ளத்தில்? மரக்கட்டை பிரேக் தேய்ந்து போயிற்று. வழியில் ஓர் ஊரில் செருப்புத் தைக்கிறவரைக் கூப்பிட்டு, கட்டையின் மேல் தோலை வைத்து அறையச் சொன்னார். இயந்திரத்தைக் கண்டுபிடித்தவர் கணவர். அதற்கு நிற்கத் தெரியவில்லை என்று கண்டுபிடித்தவர் மனைவி. குடும்பங்களில் இது சகஜந்தான்!

இங்கிலாந்தில் டெர்பிஷயர் மலைப் பிரதேசத்தில் ஹெர்பெர்ட் ஃப்ரூட் என்று ஒருவர் இருந்தார். குதிரை வண்டிக்காரர்கள் இறக்கத்தில் வரும்போது, பழைய பூட்ஸின் தோலைப் பிரேக் கட்டையில் வைத்துக் கட்டியிருப்பதை அவர் கவனித்தார். கவனிக்கிறவன் கண்ணுக்கு எதுவும் சிறு விஷயம் அல்ல. 1897-இல் அவர் பிரேக் கட்டைக்கு மேலுறை செய்யும் தொழிலை ஆரம்பித்தார். தம் பெயரின் எழுத்துக்களைக் கலைத்துப் போட்டு, மனைவி எலிசபெத்தின் முதல் எழுத்தையும் அதில் சேர்த்து, "ஃபெரோடோ" என்று சரக்குக்குப் பெயர் வைத்தார். தோலும் பருத்தியும் உஷ்ணத்தில் கருகின. கடைசியில் எரியாத பொருள் ஒன்றைப் பிடித்தார்கள்: கல்நார். அது என்ன விலை கேட்டது என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

இனி நம் கதாநாயகனுக்கு வருவோம். ஆம்ஸ்டர்டாம் நகரத்தில் ஸ்பைக்கர் சகோதரர்கள் என்று இருவர், யாகோபஸ், ஹெண்ட்ரிக் யான் என்று பெயர். ரதம் செய்வதில் கை தேர்ந்தவர்கள். ஹாலந்து ராணி வில்ஹெல்மினாவுக்கு அந்நகரத்து மக்கள் 1898-இல் காணிக்கையாகக் கொடுத்த தங்க ரதம் இவர்கள் பட்டறையில் உருவானதுதான். பிறகு மோட்டார் செய்யத் தொடங்கினார்கள். 1903-இல் ஒரு பந்தய மோட்டார் செய்தார்கள். ஆறு சிலிண்டர் இஞ்சின், 60 குதிரைச் சக்தி. அந்த இஞ்சினின் பலம் நான்கு சக்கரங்களுக்கும் போயிற்று. பெட்ரோல் இஞ்சினோடு நான்கு சக்கரமும் இழுக்கும் முதல் வண்டி என்று அதைச் சரித்திரம் குறித்து வைத்திருக்கிறது. அதோடு நிற்கவில்லை அவர்கள். பின் சக்கரத்தை மட்டும் பிடிப்பதே வழக்கமாக இருந்த காலத்தில், நான்கு சக்கரங்களையும் பிடிக்கும் பிரேக்கை அதில் வைத்தார்கள்.

இதை நினைக்கும்போது எனக்கு உண்மையிலேயே ஆச்சரியமாக இருக்கிறது. நான்கு சக்கர ஓட்டமும் நான்கு சக்கரப் பிடிப்பும் ஒரே வண்டியில், ஒரே வருஷத்தில், இரட்டைக் குழந்தைகளாகப் பிறந்திருக்கின்றன! எத்தனை சக்கரம் ஓட்டுகிறதோ அத்தனை சக்கரமும் நிறுத்த வேண்டும் என்பது ரத வேலைக்காரர்களுக்குச் சொல்லாமலே புரிந்திருக்கிறது. ஆனால் விதி வேறு விதமாக இருந்தது. 1907-ஆம் வருஷம் பிப்ரவரி மாதம், இங்கிலாந்திலிருந்து திரும்பிய "பெர்லின்" என்னும் கப்பல் ஹாலந்துக் கரைக்கு அருகில் புயலில் உடைந்து மூழ்கியது. அதில் ஹெண்ட்ரிக் யானும் போய்விட்டார். கம்பெனி நொடித்தது. அந்த வண்டி இப்போது ஹேக் நகரத்துக் காட்சிசாலையில் பளபளவென்று நிற்கிறது. இரட்டைக் குழந்தைகளோ பிரிந்து போயின.

நடுவில் ஒரு தடவை அவை சந்தித்துக்கொண்டன. அமெரிக்காவில் கெனோஷா என்ற ஊரில் ஜெஃப்ரி கம்பெனியார் 1913-இல் "க்வாட்" என்ற பார வண்டியைச் செய்தார்கள். நான்கு சக்கரமும் இழுக்கும், நான்கும் திரும்பும், நான்கும் பிடிக்கும். ஆயிரக்கணக்கில் செய்யப்பட்டு, 1916-இல் அமெரிக்கப் படையோடு மெக்ஸிகோவுக்கும், பிறகு ஐரோப்பிய யுத்தத்துக்கும் அது போயிற்று. கம்பெனி முதலாளி சார்லஸ் ஜெஃப்ரி 1915-இல் "லூஸிடானியா" கப்பல் மூழ்கியபோது அதில் இருந்தவர், உயிர் பிழைத்தார். பிழைத்து வந்த மறு வருஷமே கம்பெனியை விற்றுவிட்டார். ஸ்பைக்கர் கதையையும் இதையும் சேர்த்து நான் நாவலில் எழுதியிருந்தால், "இத்தனை கப்பல் விபத்தா? நம்பும்படி இல்லையே!" என்று நீங்கள் கடிதம் எழுதியிருப்பீர்கள். சரித்திரத்துக்கு அந்தப் பயம் இல்லை.

சாதாரண மோட்டார்களில் முன் சக்கரத்துக்குப் பிரேக் வைப்பதென்றால் ஜனங்கள் பயந்தார்கள். முன்னால் பிடித்தால் வண்டி குப்புறக் கவிழ்ந்துவிடும் என்றார்கள். திருப்பும்போது வழுக்கிவிடும் என்றார்கள். உண்மை இதற்கு நேர் தலைகீழானது. வண்டி நிற்க முயலும்போது அதன் பாரம் முன்பக்கம் சாய்கிறது. பின் சக்கரங்கள் லேசாகிவிடுகின்றன. லேசான சக்கரத்தைப் பிடித்தால் அது எளிதில் சுழல்வதை நிறுத்தி வழுக்கும். வண்டியின் வால் முன்னுக்கு வந்துவிடும். பாரம் ஏறிய முன் சக்கரம்தான் பெரும் பங்கு வேலையைச் செய்யவேண்டியது. உயரமான வண்டிக்கு இது இன்னும் பொருந்தும்.

1923-இல் எட்டி ரிக்கன்பாக்கர் என்பவர் தம் மோட்டாரில் நான்கு சக்கரப் பிரேக் வைத்து விற்க ஆரம்பித்தார். முதல் யுத்தத்தில் 26 எதிரி விமானங்களை வீழ்த்திய வீரர் அவர். வானத்தில் எதிரிகளை ஜயித்தவருக்குத் தரையில் போட்டிக்காரர்களை ஜயிக்க முடியவில்லை. நான்கு சக்கரப் பிரேக் ஆபத்தானது என்று பத்திரிகைகளில் பெரிய பெரிய விளம்பரம் செய்தார்கள். சில வருஷங்களில் அவருடைய கம்பெனியை மூட வேண்டியதாயிற்று. விளம்பரம் செய்தவர்கள் தங்கள் வண்டிகளிலும் நான்கு சக்கரப் பிரேக்கையே வைத்துக்கொண்டார்கள். அந்த நாட்களில் இங்கிலாந்தில் இத்தகைய வண்டிகளின் பின்புறத்தில் சிவப்பு முக்கோணம் ஒன்றை மாட்டுவார்கள். "இந்த வண்டி சட்டென்று நின்றுவிடும், நெருங்கி வராதே!" என்று பின்னால் வருகிறவருக்கு எச்சரிக்கை. நன்றாக நிற்பதும் ஒரு குற்றமாக இருந்த காலம் அது.

நான்கு சக்கரங்களையும் ஒரே அளவாகப் பிடிப்பது எப்படி என்பது அடுத்த கஷ்டம். கம்பியும் கழியும் வைத்து இழுத்தால் ஒன்று முறுக்காகவும் ஒன்று தளர்வாகவும் போய்விடும். இதற்கு வழி கண்டவர் மால்கம் லாக்ஹீட். விமானக் கம்பெனியின் பெயரால் உலகம் அறிந்த சகோதரர்களில் ஒருவர். மூடிய குழாயில் உள்ள திரவத்தை ஓரிடத்தில் அழுத்தினால் அழுத்தம் எல்லா இடத்துக்கும் ஒரே அளவாகப் பரவும் என்று பிரெஞ்சு மேதை பாஸ்கல் பதினேழாம் நூற்றாண்டிலேயே சொல்லிவிட்டுப் போயிருந்தார். லாக்ஹீட் அதைப் பிரேக்கில் பொருத்தினார். 1921-இல் பிரான்ஸில் நடந்த கிராண்ட் பிரீ பந்தயத்தில், இந்தத் திரவப் பிரேக்கோடு ஓடிய ட்யூஸன்பெர்க் வண்டி ஜிம்மி மர்ஃபி கையில் முதலாவதாக வந்தது. ஆனாலும் எல்லோரும் உடனே ஒப்புக்கொள்ளவில்லை. க்ரைஸ்லர் 1924-இல் எடுத்துக்கொண்டார். ஃபோர்டு மோட்டாருக்கு அது வந்தது 1939-ஆம் வருஷ மாடலில்தான்.

இரண்டாவது யுத்தம் வந்தது, ஜீப் பிறந்தது. 1941 முதல் யுத்தம் முடியும் வரையில் ஆறு லட்சத்துக்கும் மேற்பட்ட ஜீப்புகள் செய்தார்கள். நான்கு சக்கரத்திலும் திரவப் பிரேக். டிரம்மின் விட்டம் 9 அங்குலம். இஞ்சின் 60 குதிரைச் சக்தி. சுமார் ஒரு டன் எடையுள்ள வண்டிக்கு, போர்க்களத்தின் வேகத்துக்கு, அது போதும். ஆற்றில் இறங்கி ஏறினால் டிரம்முக்குள் தண்ணீர் புகுந்து சற்று நேரம் பிரேக் பிடிக்காது. கரையேறியதும் பெடலை லேசாக மிதித்துக்கொண்டே கொஞ்ச தூரம் ஓட்டி, உராயும் சூட்டில் ஈரத்தை உலர்த்த வேண்டும். இது தெரிந்தவன் பிழைத்தான்.

ஜீப்பின் ஹேண்ட் பிரேக்கில் ஒரு சூட்சுமம் உண்டு. அது சக்கரத்தைப் பிடிக்காது. இஞ்சின் பலத்தைப் பின் சக்கரங்களுக்குக் கொண்டு போகும் தண்டைப் பிடிக்கும். தண்டுக்கும் சக்கரத்துக்கும் நடுவில் பல்சக்கரங்கள் இருப்பதால் பிடிப்பின் பலம் பல மடங்காகிறது. செங்குத்தான மேட்டிலும் வண்டி அசையாமல் நிற்கும். ஆனால் பஞ்சர் ஒட்டுவதற்காக ஒரு பின் சக்கரத்தை ஜாக்கி போட்டுத் தூக்கினால்? தூக்கிய சக்கரம் ஒரு பக்கம் சுற்ற, தரையில் உள்ள சக்கரம் மறு பக்கம் உருளும். பிரேக் போட்டபடியே வண்டி நகர்ந்துவிடும்! ஆகையால் ஜாக்கி போடுவதற்கு முன் மற்றச் சக்கரங்களுக்குக் கல் வைக்க வேண்டும் என்பது இந்த ஜாதி வண்டிகளுக்கு வேத வாக்கியம். லாண்ட் ரோவரின் டிஃபெண்டர் வண்டி இதே ஏற்பாட்டை 2016-இல் அதன் உற்பத்தி நிற்கும் வரையில் வைத்திருந்தது.

யுத்தம் முடிந்தது, ஜீப்புக்கு ஓய்வு கிடைக்கவில்லை. தோட்டம், காடு, மலை, எல்லா இடத்துக்கும் போயிற்று. ஆட்களையும் மூட்டைகளையும் ஏற்றினார்கள். நல்ல ரோடுகள் வந்தன, வேகம் கூடிற்று. 60 குதிரைச் சக்தி போதவில்லை என்று 1965-இல் 150-க்கும் அதிகமான குதிரைச் சக்தியுள்ள இஞ்சினை ஜீப்பில் வைத்தார்கள். பிரேக்? 9 அங்குல டிரம், பத்து அங்குலமாகி, பிறகு பதினொன்றாயிற்று. முன் சக்கரத்துக்கு டிஸ்க் பிரேக் வந்து சேர்ந்தது 1970-க்களின் பிற்பகுதியில். இஞ்சின் ஓடிப் போனது. பிரேக் பின்னால் நடந்து போனது.

டிரம்முக்கு ஒரு பிறவிக் குறை உண்டு. உள்ளிருந்து ஷூ வெளிப்புறமாக அழுத்துகிறது. சூடு ஏறினால் டிரம் விரிந்து ஷூவை விட்டு விலகுகிறது. எவ்வளவு அவசியமோ அவ்வளவு எட்டிப் போகிறது! மலை இறக்கத்தில் பெடல் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே போவதை உணர்ந்தவர்களுக்கு அந்தக் கலக்கம் தெரியும். டிஸ்க் இதற்கு மாறானது. தட்டையான வட்டத்தை இரு புறமும் பேடுகள் கிடுக்கியைப் போல் பிடிக்கின்றன. சூடேறினால் வட்டம் தடித்துப் பேடை நோக்கியே வருகிறது. வெளியே காற்றில் இருப்பதால் சீக்கிரம் ஆறுகிறது, தண்ணீரையும் உதறிவிடுகிறது. பர்மிங்ஹாமில் ஃபிரெடரிக் லாங்கெஸ்டர் இதற்கு 1902-லேயே பேடண்ட் வாங்கிவிட்டார். அவர் வைத்த செம்புத் தகடு காது கிழியக் கிறீச்சிட்டது. புழுதியில் சீக்கிரம் தேய்ந்தது. அரை நூற்றாண்டு அது தூங்கிற்று.

அதை எழுப்பிய வண்டி 1953-இல் பிரான்ஸில் ல மான் நகரத்தின் 24 மணி நேரப் பந்தயத்தை ஜயித்த ஜாகுவார். டன்லப் கம்பெனியின் டிஸ்க் பிரேக் அதில் இருந்தது. மற்றவர்கள் வளைவுக்கு முன்னால் தூரத்திலேயே வேகத்தைக் குறைக்க வேண்டியிருந்தபோது, இவர்கள் வளைவு வரையில் வந்து குறைத்தார்கள். சராசரி வேகம் மணிக்கு நூறு மைலைத் தாண்டியது அந்தப் பந்தயத்தில் அதுவே முதல் தடவை. நிற்கத் தெரிந்தவனால்தான் வேகமாக ஓட முடியும் என்று உலகம் ஒப்புக்கொண்ட நாள் அது.

அந்த வண்டியை ஓட்டிய இருவரில் ஒருவர் டோனி ரோல்ட். இவர் கதையைச் சொல்லாமல் விட எனக்கு மனம் வரவில்லை. யுத்தத்தில் ஜெர்மானியரிடம் பிடிபட்டு, தப்பவே முடியாது என்று சொல்லப்பட்ட கோல்டிட்ஸ் கோட்டையில் அடைக்கப்பட்டவர். அங்கே கைதிகள் கூரைக்கு அடியில் ரகசியமாக ஒரு இறக்கை விமானமே கட்டினார்கள். அதைக் கோயிலின் கூரை மேலிருந்து கிளப்பலாம் என்று இடம் பார்த்துச் சொன்னவர் ரோல்ட். அது பறப்பதற்கு முன்பே 1945-இல் விடுதலை வந்துவிட்டது. வெளியே வந்தவர், நான்கு சக்கரமும் இழுக்கும் மோட்டாரைப் பற்றியே சிந்தித்தார். டிராக்டர் புகழ் ஹாரி ஃபெர்குஸனோடு சேர்ந்து அதற்காக உழைத்தார். ஓட்டம், பிடிப்பு இரண்டிலும் சக்கரம் வழுக்கக் கூடாது என்பது அவர்கள் குறிக்கோள். ஃபெர்குஸன் 1960-இல் காலமானார். 1966-இல் அவர்கள் முறைப்படி ஜென்ஸன் எஃப்.எஃப். என்ற மோட்டார் விற்பனைக்கு வந்தது. நான்கு சக்கர ஓட்டம், நான்கிலும் டிஸ்க், அதோடு, விமானங்களுக்காக டன்லப் செய்த "மாக்ஸரெட்" என்ற கருவி. சக்கரம் பூட்டிக்கொண்டு வழுக்கப் பார்க்கும் கணத்தில் அது தானாகவே பிடியைத் தளர்த்தி மறுபடி பிடிக்கும்.

ஸ்பைக்கர் வீட்டு இரட்டையர் அறுபத்து மூன்று வருஷத்துக்குப் பின் மறுபடி கட்டித் தழுவிக்கொண்டார்கள்! விலை அதிகம், 1971 வரையில் மொத்தம் 320 வண்டிகள்தான் விற்பனையாயின. ஆனால் வித்து விழுந்துவிட்டது. 1970-இல் வந்த ரேஞ்ச் ரோவர், காட்டிலும் மேட்டிலும் போகும் கனத்த வண்டிக்கு முதல் நாளிலிருந்தே நான்கு டிஸ்க் பிரேக்குகளைக் கொடுத்தது. ஒரு குழாய் உடைந்தாலும் மற்றொன்று காப்பாற்றும்படி திரவப் பாதையை இரண்டாகப் பிரித்தது.

கல்நாரின் விலையைச் சொல்வதாகச் சொன்னேன். கல்நாரைப் பஞ்சாக்கி நூலாக நூற்ற ஆலைகளில், அதன் தூசி தொழிலாளரின் சுவாசப் பைகளில் போய்த் தங்கியது. இங்கிலாந்தில் ராச்டேல் ஊரில் அப்படி நூற்ற ஒரு பெண் 33-வது வயதில் 1924-இல் இறந்தாள். அவளைப் பரிசோதித்த வைத்தியர் எழுதிய குறிப்பு வைத்திய உலகத்தை முதன்முதல் எச்சரித்தது. ஆனாலும் பிரிட்டனில் கல்நார் முழுவதுமாகத் தடை செய்யப்பட்டது 1999-இல்தான். எழுபத்தைந்து வருஷம்! மலை இறக்கத்தில் எத்தனையோ உயிர்களைக் காத்த பொருள், தன்னைச் செய்தவர்களின் மூச்சைக் குடித்திருக்கிறது. பிரேக்குக்குக் கூட யாரோ ஒருவர் பிரேக் போட வேண்டியிருந்தது. அதை மிதிக்க உலகம் தாமதித்தது.

என் சிநேகிதர் ஒருவர் பழைய ஜீப் ஒன்றை வாங்கி ஆசையோடு புதுப்பித்தார். பெரிய இஞ்சின், பெரிய டயர், முன்னால் இரும்புக் கம்பி, மேலே சாமான் வைக்கும் தட்டு. பட்டறைக்கு என்னையும் அழைத்துப் போனார். அங்கே வயதான மெக்கானிக் ஒருவர். எல்லோரும் பாய் என்று கூப்பிடுவார்கள்.

"எப்படி பாய் நம்ம வண்டி?" என்றார் சிநேகிதர்.

"ஜோரா இருக்கு சார். பிரேக் மட்டும் பழசே இருக்கட்டும்னுட்டீங்களே?"

"அது பிடிக்கிறது பாய். இன்னும் என்ன வேணும்?"

"அந்த வண்டிக்குப் பிடிச்சுது சார். இது இப்ப வேற வண்டி."

எவ்வளவு சரியான வார்த்தை! 30 அங்குல டயரைக் கழற்றிவிட்டு 35 அங்குல டயரை மாட்டினால், அதே பிரேக் தரையில் காட்டும் பிடிப்பில் ஏழில் ஒரு பங்கு குறைந்து போகிறது. நீளமான கழியின் நுனியைப் பிடித்துச் சுற்றுகிறவனைக் கழியின் நடுவில் பிடித்துத் தடுப்பது போல. எடையும் வேகமும் கூடினால் அடுப்புக்கு விறகு கூடுகிறது. ஆனால் அவசரத்தில் பெரிய டிஸ்க் ஒன்றை வாங்கி மாட்டிவிட்டால் தீர்ந்தது என்றும் நினைக்கக் கூடாது. பிரேக் சக்கரத்தை நிறுத்தும். வண்டியை நிறுத்துவது டயரும் தரையும். பழைய பிரேக்கே சக்கரத்தைப் பூட்டிவிடும் அளவு பலமாக இருந்தால், பெரிய பிரேக்கால் ஒரு தடவை நிற்கும் தூரம் குறையாது. பத்தாவது தடவையும் இருபதாவது தடவையும் அதே போல் நிற்கும் என்பதுதான் அதன் லாபம். முன்னுக்கும் பின்னுக்கும் பங்கு பிசகினால் வால் சுற்றிக்கொள்ளும். எல்லாவற்றுக்கும் முன்னால் செய்ய வேண்டிய காரியம் மிகவும் மலிவானது: பிரேக் ஆயிலை மாற்றுவது. அது காற்றிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சும் குணமுள்ளது. சாதாரணமாக விற்கும் ஆயில் புதிதில் 205 டிகிரிக்குக் குறையாமல் தாங்க வேண்டும் என்பது விதி. ஈரம் ஏறியபின் 140 டிகிரியே உத்தரவாதம். அதற்கு மேல் கொதித்து ஆவி உண்டானால் பெடல் பஞ்சுபோல் உள்ளே போகும். பிடிப்பு இருக்காது.

பாய் சொன்ன இன்னொரு வழிக்குக் காசே வேண்டாம். "எந்த கியர்ல ஏறினீங்களோ அந்த கியர்ல இறங்குங்க சார்." இஞ்சினே வண்டியை இழுத்துப் பிடித்துக்கொள்ளும், பிரேக்குக்கு ஓய்வு. சிநேகிதர் அன்று இஞ்சினுக்குக் கொடுத்த பணத்தில் ஒரு பங்கைப் பிரேக்குக்கும் கொடுத்துவிட்டு வந்தார்.

இப்போது காலம் இன்னும் மாறியிருக்கிறது. 1997-இல் வந்த லாண்ட் ரோவரின் ஃப்ரீலாண்டரில், மலை இறங்குவதற்கென்று தனியான குறைந்த கியர் இல்லை. அதற்குப் பதிலாக, மின்சார மூளை ஒன்று நான்கு பிரேக்குகளையும் தானே தொட்டுத் தொட்டு வண்டியை நிதானமாக இறக்கிற்று. இன்றைய வண்டிகளில் சேற்றில் ஒரு சக்கரம் வீணாகச் சுற்றினால், அந்தச் சக்கரத்தை மட்டும் பிரேக் பிடித்துக்கொள்கிறது. இஞ்சினின் பலம் மற்றச் சக்கரத்துக்குப் போய் வண்டி கரையேறுகிறது. பார்த்தீர்களா வேடிக்கையை? நூறு வருஷமாகப் பின்னால் நடந்து வந்த பிரேக், இன்று வண்டி முன்னால் போவதற்கே கை கொடுக்கிறது.

கடையில் வண்டி பார்க்கப் போகிறவர்கள் எத்தனை குதிரைச் சக்தி என்றுதான் முதலில் கேட்கிறார்கள். எத்தனை தூரத்தில் நிற்கும் என்று கேட்கிறவரை நான் இன்னும் சந்திக்கவில்லை. ஆனால் அவர் வீட்டில், ராத்திரி வெகுநேரம் விளக்கை அணைக்காமல் வாசலைப் பார்த்துக்கொண்டு ஒருவர் உட்கார்ந்திருப்பார். அவருக்குக் குதிரைச் சக்தியைப் பற்றிக் கவலை இல்லை.